குப்பத்து வரலாறும் நாற்பத்து மூன்றாவது பெயரும்

ஊர் வரலாறு எழுதும் வேலையில் செத்தவர்களால் ஒரு தொல்லையும் கிடையாது. உயிரோடு இருப்பவர்கள்தான் ஒரு வரியைக்கூட நிம்மதியாக எழுத விடமாட்டார்கள். கோயில் மலர், பள்ளிக்கூட மலர், சங்கத்து வெள்ளிவிழா மலர் என்று எதிலாவது "நீதான் படிச்ச பொண்ணாச்சே, கொஞ்சம் எழுதிக் குடும்மா" என்று மாட்டிக்கொண்டவர்கள் இந்த இடத்தில் தலையாட்டுவீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். குழந்தை தூங்கினால்தான் எனக்குக் கை ஒழியும், அதனால் எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மீஞ்சூரில் பிறந்து, கான்வென்ட்டில் படித்து, பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஒரு வயதை நெருங்கும் பெண் குழந்தை. எனக்குப் பயம் கொஞ்சம் அதிகம். பல்லி, பாம்பு, இடி, இங்கிலீஷ் டீச்சர் என்று சின்ன வயதில் சில்லறையாக இருந்த பயம், கல்யாணத்துக்குப் பிறகு மொத்தமாக ஒரே இடத்தில் வந்து நின்றுவிட்டது. அந்த இடத்தின் பெயர் முகத்துவாரம். ஏரி கடலோடு சேரும் வாய். அங்கே மணல் திட்டு இன்றைக்கு இருந்த இடத்தில் நாளைக்கு இருக்காது, அலை எந்தப் பக்கமிருந்து வரும் என்று சொல்ல முடியாது, படகு கவிழ்வதும் புதிதில்லை. என் கணவர் சேகர் தினமும் விடியற்காலை இன்னொருவருடைய ஃபைபர் போட்டில் ஆளாக ஏறி அதைத் தாண்டித்தான் கடலுக்குப் போகிறார். தாண்டியதும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். அது வரும்வரை நான் அடுப்பைக்கூடப் பற்றவைக்க மாட்டேன்.

ஏரியிலேயே மீன் பிடித்தால் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஏரியில் இறால் வலை போட 'பாடு' என்று ஒரு முறை உண்டு. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு, சண்டை வராமல் முறை வைத்துக்கொள்வார்கள். ஊர் நோட்டில் தலைக்கட்டாக, அதாவது குடும்பத் தலைவராகப் பதிவான ஆண்களுக்குத்தான் அந்தச் சீட்டு, அவர்கள் மட்டும்தான் அந்த வலையில் நிற்கலாம். பதிவு அப்பன் வழியில்தான் வரும். என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுபவர், இந்த ஊர்ப் பெண். ஆரம்பாக்கம் பக்கம் கட்டிக்கொடுத்து, கணவர் இறந்தபின் மூன்று வயதுப் பிள்ளையோடு பிறந்த ஊருக்கே திரும்பி வந்தவர். அந்தப் பிள்ளைதான் சேகர். அம்மா வழி என்பதால் அவருக்குச் சீட்டில்லை. சீட்டிருந்தால் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பிழைக்கலாம், இல்லாததால் முகத்துவாரம். என் பிரச்சினை இவ்வளவுதான். மற்றதெல்லாம் வேடிக்கை.

மலைக்காரி கொண்டுவந்த புத்தகம்

பூநாரை பார்க்க ஒரு ஜெர்மன்காரப் பெண்மணி வந்திருந்தார். மழை பிடித்துக்கொண்டதால் படகு விடவில்லை. டீக்கடையில் உட்கார்ந்தவர், பொழுது போகாமல் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். செங்கல் பருமன். ஊரே சுற்றி நின்றது. இங்கிலீஷ் தெரியும் என்று குழந்தையோடு என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். அது அவர் பிறந்த மலைக் கிராமத்தின் வரலாறாம். வீட்டுக்கு வீடு, யார் கட்டியது, யாரை யார் கட்டியது, எந்தக் குளிர்காலத்தில் பனி கூரைவரை ஏறியது, எந்த மாடு யாரை உதைத்தது, எல்லாம் இருந்தது. ஊரில் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டேன். முந்நூறு என்றார்.

எங்கள் ஊர்த் தலைவர் புத்தகத்தை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தார், மீன் எடை பார்ப்பதுபோல. "முந்நூறு பேருக்கே இவ்ளோ கனம்னா, நம்ம ஊர்ல அறநூறு பேரு" என்றார். அந்த நிமிடத்தில் என் வேலை முடிவாகிவிட்டது. கூலியும் முடிவானது: எந்த வீட்டு வரலாறு எழுதுகிறேனோ அந்த வீட்டிலிருந்து ஒரு வேளைக் குழம்புக்கு மீன். பக்கத்து வீட்டுக் கஸ்தூரி அக்கா மீன் கூடையை மீஞ்சூர் பஸ்ஸில் ஏற்றி விற்றுவிட்டு வருபவள். ஊர் உலகம் தெரிந்தவள். அவளுக்கு மட்டும் கடைசிவரை ஒரு சந்தேகம் தீரவில்லை. என் காதருகே வந்து கேட்டாள்: "கடலும் இல்ல, ஏரியும் இல்லன்றா. அப்பால இன்னாத்தடி ரெண்டு கிலோவுக்கு எழுதி வெச்சிகீறாங்கோ?"

எல்லோரும் முதலில் வந்தவர்கள்

ஆதாரமில்லாத ஒரு வரியும் எழுதக்கூடாது என்று கான்வென்ட்டில் எங்கள் வரலாற்று சிஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். ஆதாரம் கேட்டு வீடு வீடாகப் போனேன். முதல் கேள்வி, உங்கள் குடும்பம் எப்போது, எங்கிருந்து வந்தது? ஒரு வீட்டார் நெல்லூர்ப் பக்கமிருந்து இரண்டு படகில் வந்தார்களாம். ஒரு வீட்டார் மயிலாப்பூர்ப் பக்கம் வலைச் சண்டையில் கோபித்துக்கொண்டு வந்தார்களாம். இன்னொருவர் மீன் கூட்டத்தைத் துரத்திக்கொண்டே வந்ததில் திரும்பிப் போக மறந்துவிட்டார்களாம். நடுவில் ஒருவர், டச்சுக்காரர்களுக்கே தங்கள் வீட்டில்தான் தண்ணீர் கொடுத்தது என்றார். வந்த வழி வேறு வேறு. ஒரு விஷயத்தில் மட்டும் எல்லா வீடும் ஒன்று: அவர்கள்தான் முதலில் வந்தவர்கள்.

இதில் எல்லப்பன் சித்தப்பா ரொம்பக் கறார். சொந்தமில்லை, ஊர் முறைக்குச் சித்தப்பா. நல்ல மனிதர், சத்தம் மட்டும் ஜாஸ்தி. நான் எழுதுவதை எட்டி எட்டிப் பார்த்தார். "முதலில் என்று எழுத வேண்டுமானால், நீங்கள் வந்தபோது இங்கே யாரும் இருந்திருக்கக் கூடாதே சித்தப்பா" என்று மெதுவாகச் சொன்னேன். அவர் அசரவில்லை. "எழுதும்மா. எங்களுக்கு மின்ன இங்க ஈ காக்கா கெடையாது. எங்கள வரவேத்து எடம் காட்ட ஒரு நாலு பேரு நின்னாங்கோ, அவ்ளோதான்."

புயல் காலண்டர்

வருஷம் கேட்டால் எங்கள் ஊரில் யாரும் எண்ணில் சொல்ல மாட்டார்கள். முகத்துவாரம் அடைத்துக்கொண்ட வருஷம், வெட்டித் திறந்த வருஷம், கரண்ட் வந்த வருஷம், பெரிய புயல் வருஷம். இதில் பெரிய புயல் எது என்று கண்டுபிடிப்பதற்குள் எனக்குத் தலை சுற்றிவிட்டது. அவரவர் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனதுதான் அவரவருக்குப் பெரிய புயல்.

கோயிலுக்குப் பின்னால் இருக்கும் அண்ணன் தம்பி இருவரிடம் பிறந்த வருஷம் கேட்டேன். பெரிய புயல் வருஷம் என்றார் அண்ணன். குறித்துக்கொண்டு தம்பியைப் பார்த்தேன். அவரும் பெரிய புயல் வருஷம் என்றார். "ரெண்டு பேரும் ஒரே வருஷமா? இரட்டையா?" என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். கான்வென்ட் படிப்பின் மேல் அவர்களுக்கிருந்த மரியாதை அன்றைக்குக் கொஞ்சம் குறைந்தது. அண்ணன்தான் விளக்கினார்: "புயலு இன்னா ஒரு தபாவா வந்துச்சி? அது பாட்டுக்கு அது வந்துகினு இருந்துச்சி, நாங்க பாட்டுக்கு நாங்க பொறந்துகினு இருந்தோம்."

கொடுவா மறைத்த முகம்

பழவேற்காடு ஊருக்குள் ஒரு பாய் வைத்திருக்கும் டி.டி.பி. கடையில்தான் எங்கள் புத்தகம் டைப் ஆனது. "எங்க முன்னோர் கப்பல்ல துணி ஏத்தி சீமைக்கு அனுப்பினாங்க தங்கச்சி. நான் ஆதார் கார்டுக்கு லேமினேஷன் போடறேன்" என்று சொல்லிக்கொண்டே வேலை செய்வார். வீட்டுக்கு ஒரு பழைய போட்டோ என்று திட்டம். எல்லப்பன் சித்தப்பா வீட்டில் அவருடைய அப்பாவின் போட்டோ ஒன்றே ஒன்றுதான் இருந்தது. யாரோ வெளியூர்க்காரர் எடுத்தது. நாலைந்து பேர் வரிசையாக நிற்கிறார்கள். முன்னால் ஒருவர் ஆளுயரக் கொடுவா மீனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். சித்தப்பாவின் அப்பா அந்த மீனுக்குப் பின்னால் இருக்கிறார். இரண்டு கால் தெரிகிறது, ஒரு காது தெரிகிறது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் கொடுவாயின் வாய்.

பாய் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "மீனை கம்ப்யூட்டர்ல எடுத்துடலாம். ஆனா பின்னாடி இன்னா மூஞ்சி இருந்துச்சின்னு யாராவது சொல்லணுமே" என்றார். அவர் சொன்னதை நானே சித்தப்பாவிடம் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் போட்டோவை வாங்கி, தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். நான் அவர் கண்ணைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "மீனு இருக்கட்டும்மா. எங்க நைனா மூஞ்சி எனக்கே கீது, கண்ணாடில பாத்துக்குவேன். இப்புடி ஒரு கொடுவாய இனிமே எங்க போய்ப் பாக்கறது?"

எழுதக் கூடாத ஒன்று

ஒவ்வொரு ஊருக்கும் எழுதக் கூடாத ஒரு சமாச்சாரம் இருக்கும். எங்கள் ஊரில் அது ஒரு வாத்து. கஸ்தூரி அக்கா வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருஷம் ஆகிறது. காணாமல்போன ஒரு வாத்தும், அன்று மாலை எதிர் வீட்டில் அடித்த மசாலா வாசனையும் காரணம். இரண்டு வீட்டுக்கும் இடையில் நடக்க ஒரு சந்துதான். எதிரெதிரே வந்தால் ஒருவர் வானத்தைப் பார்ப்பார், இன்னொருவர் செருப்பைப் பார்ப்பார்.

வாத்து விஷயத்தை எழுதாதே என்று எதிர் வீட்டு அண்ணி தனியாக வந்து சொல்லிவிட்டுப் போனார், கையில் ஒரு கூறு நண்டோடு. அரை மணி நேரம் கழித்துக் கஸ்தூரி அக்கா வந்தாள், கையில் இறாலோடு. அவளும் எழுதாதே என்றாள். பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன். வாசல் தாண்டும்போது திரும்பி நின்று சொன்னாள்: "எழுதாத. ஆனா ஊரு மானத்துக்காக நான் சொல்லித்தான் அந்த வாத்த எழுதலன்னு ஒரு வரி எழுதிடு."

பறியைக் கடித்துக்கொண்டு ஒரு பேட்டி

ஏரியில் பாடு போடும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர்கள் புத்தகத்தில் வரவேண்டும், எழுதுகிறவள் கண்ணால் பார்த்து எழுதினால்தான் சரி என்று தலைவர் சொல்லிவிட்டார். குழந்தையை அத்தையின் பழைய புடவையால் மாரோடு கட்டிக்கொண்டு, படகின் இரண்டு ஓரத்தையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு போனேன். குறிப்பு எழுத மூன்றாவது கை இல்லாததால் பாதிப் பெயர்களை மனப்பாடம் செய்தேன். குழந்தை என்னவோ ஜாலியாகக் கையைத் தட்டிக்கொண்டிருந்தது.

வழியில் கையால் தடவியே இறால் பிடிக்கும் பெண்கள் வரிசையாகத் தண்ணீருக்குள் நகர்ந்துகொண்டிருந்தார்கள். பிடித்த இறாலைப் போட ஒரு ஓலைப் பறி. கை இரண்டும் சேற்றில் இருப்பதால் பறியின் வாயைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் "ம்", "ம்ஹூம்" என்று இரண்டே பதில். இந்த மாதிரி சாட்சிகளை வைத்துக்கொண்டு எந்த வரலாற்று ஆசிரியர் என்ன செய்வார்! ஆழம் எவ்வளவு, இறங்கினால் மூழ்கிவிடுவேனா என்று கேட்டதும்தான் லட்சுமி என்கிற பெண் நிமிர்ந்து, பறியைப் பல்லிலிருந்து எடுத்தாள். தண்ணீர் அவள் இடுப்புக்குக் கீழே நின்றது. "பயப்படறதுக்குக்கூட இங்க தண்ணி பத்தாது, எறங்குக்கா."

எண்ணத் தெரியாத பாய்

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தலைக்கட்டுப் பட்டியல். தலைவர் தன்னுடைய நோட்டைக் கொடுத்தார். நாற்பத்திரண்டு பெயர். வீட்டில் அதை நான் படியெடுத்துக்கொண்டிருந்தபோது அத்தை பக்கத்தில் உட்கார்ந்து நண்டு உடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமல், நண்டிடம் சொல்வதுபோல, "ஒரு பேரு சேத்தா புக்கு தூக்க முடியாம போயிடுமா?" என்றார். சேகர் அதட்டினார். "சும்மா இரும்மா. புக்குல பேர் போட்டா வலைக்கு மீன் வருமா?" எனக்கு சிஸ்டர் ஞாபகம் வந்தது. நாற்பத்திரண்டோடு நிறுத்தினேன்.

மறுநாள் காலை மிஸ்டு கால் வரவில்லை. ஆறு, ஏழு, எட்டு. குழந்தைக்குப் பால் கொடுத்தேனா என்றுகூட நினைவில்லை. கரைக்கும் வீட்டுக்கும் நடந்ததில் கால் மணல் பட்டுத் தேய்ந்தது. பத்து மணிக்கு வேறொருவர் போனிலிருந்து கூப்பிட்டார். அலை அடித்ததில் அவர் போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாம், ஆள் நன்றாக இருக்கிறாராம், குழம்புக்கு என்ன மீன் வேண்டுமாம். அன்று மத்தியானம் பாய் கடைக்குப் போனேன். பட்டியலில் கடைசியாக ஒரு பெயர் இருக்கிறது, டைப் அடியுங்கள் என்றேன். பாய் நோட்டைப் பார்த்தார். "நாப்பத்திரண்டுதானே இருக்கு தங்கச்சி?" என்றார். என் முகம் ஏதோ சொல்லியிருக்கவேண்டும். விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். "சரி சொல்லு. எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே எண்ண வராது."

ஊர் கேட்ட வரலாறு

அச்சுக்குப் போகும் முன் ஊரைக் கூட்டி வாசித்துக் காட்டவேண்டும் என்று தலைவர் சொன்னது எனக்குக் கடைசி வாரத்தில்தான் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முன்னால் பந்தல். தலைக்கட்டுக்காரர்கள் உட்கார்ந்திருக்க, மற்ற ஆண்கள் வெளியே நிற்க, பெண்கள் ஒரு ஓரமாக. ஊர்க் கூட்டத்தின் நடுவில் ஒரு பெண் உட்கார்ந்து பேசியது அதுவே முதல் தடவை என்றார்கள். பெருமைப்பட எனக்கு நேரமில்லை. எழுபத்தாறு பக்கம். ஒவ்வொரு வரிக்கும் ஒருவர் எழுந்து நின்றார். இரண்டு படகை மூன்றாக்கு என்றார் ஒருவர். என் மாமனாரை இன்னும் கொஞ்சம் உயரமாக எழுது என்றார் ஒருவர். வாத்து பற்றி எழுதவில்லை என்ற வரியைக் கேட்டு எதிர் வீட்டு அண்ணி எழுந்து போய், டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். திருத்தச் சொல்லாத வரி ஒன்றுகூட இல்லை. மாலை சாய்ந்தபோது கடைசிப் பக்கத்துக்கு வந்தேன்.

நாற்பத்து மூன்றாவது பெயரை அடித்து நீக்க மறந்துவிட்டேன் என்று இங்கே எழுத எனக்கு ஆசைதான். மறக்கவில்லை. யாரும் கடைசிப் பக்கம்வரை படிக்க மாட்டார்கள் என்று விட்டுவைத்திருந்தேன். இப்போது ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. பெயர் படிக்கப் படிக்க ஒவ்வொருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல "இருக்கேன்" என்று கையைத் தூக்கினார்கள். நாற்பது. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. நான் நின்றுவிட்டேன். தலைவர், "முடிஞ்சுதா?" என்றார். முடிந்தது என்று சொல்லி மூடியிருக்கலாம். ஆனால் டைப் அடித்த தாளில் இருக்கிறதே. நாளைக்கு யாராவது கண்டுபிடித்தால் சேகர் இந்த ஊரில் எப்படி நடப்பார்? "நாற்பத்து மூன்று, சேகர்" என்று படித்தேன். "இருக்கேன்" என்று யாரும் சொல்லவில்லை. சேகர் பந்தலுக்கு வெளியே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது நோட்டில் இல்லை. நான்தான் சேர்த்தேன். தப்பு. இப்பவே அடிச்சிடறேன்" என்றேன். அத்தனை பேருக்கு முன்னால் என் குரல் உடையாமல் வந்தது எனக்கே ஆச்சரியம். பேனா மூடியைத் திறந்தேன்.

எல்லப்பன் சித்தப்பா எழுந்துவிட்டார். "அப்ப நாளைக்கு யார் வோணா பேனாவ எடுத்து அவங்கவங்க பேர எழுதிக்கலாமா?" அவர் கேட்டது முழுக்க நியாயம். ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். ஓரத்திலிருந்து கஸ்தூரி அக்கா, "தானா ஒத்துக்கினுச்சே, அத்த வுட்டுடுங்களேன்!" என்று கத்தினாள். அந்தச் சத்தத்தில், சித்தப்பாவின் வலையில் கூட நிற்கும் மாரி அண்ணன் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார். "அண்ணே, ஒக்காரு. நம்ம வலைக்கு ஆறு பேரு வோணும். செல்வம் கம்பெனி வேலைக்குப் போய்ட்டான். எறா ஓடற அமாவாசைக்கு அஞ்சு பேரா நின்னு யாரு வலைய இஸ்துகினு சுத்தறது? நீயா? வரலாறெல்லாம் அப்பால பாத்துக்கலாம்."

சித்தப்பா உட்காரவில்லை. பந்தலுக்கு வெளியே பார்த்து, "டேய், வலைக்குக் கம்பு ஊனத் தெரியுமா ஒனக்கு?" என்றார், அதே கோபத்தோடு. "தெரியும் சித்தப்பா" என்றார் சேகர். "சேத்துல?" "சேத்துலதான் சித்தப்பா." சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நாளைக்கு சாயங்காலம் வந்து கம்ப செதுக்கு. வளைஞ்சி கிளைஞ்சி இருந்தா வெரட்டிடுவேன்." எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். இந்த வருஷம் செல்வத்தின் இடத்தில் நிற்கட்டும், சீட்டு விஷயம் அடுத்த குலுக்கலின்போது ஊர் கூடிப் பேசட்டும் என்றார். பிறகு டைப் அடித்த தாளை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "நாப்பத்தி மூணுன்ற நம்பர மட்டும் எடுத்துடும்மா. பேரு இருக்கட்டும்."

அமாவாசைக்கு சேகர் ஏரிக்குப் போனார். விடிந்ததும் சேறு நாறும் சட்டையோடு வந்து, ஒரு தட்டு சோறு தின்றுவிட்டு, குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார். நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் சுத்தமாகப் போய்விட்டதா என்றால், இல்லை. ஏரியில் சொறி மீன் பட்டு உடம்பு அரிக்குமா, சேற்றில் சிப்பி குத்துமா, அடுத்த குலுக்கலில் எல்லப்பன் சித்தப்பா என்ன மனநிலையில் இருப்பார் என்று புதிய பயங்களாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அவையெல்லாம் அடுப்பு எரியும்போதே பயப்படக்கூடிய அளவுக்குச் சின்னவை. புத்தகம் பாய் கடையிலிருந்து அச்சுக்குப் போய்விட்டது. ஜெர்மன்காரருடைய கனத்தில் பாதிகூட வராது என்று தலைவருக்கு வருத்தம்.

ஆக, ஆறு மாதம் வீடு வீடாக அலைந்து எழுபத்தாறு பக்கம் எழுதியதில், தப்பு என்று நானும் ஊரும் சேர்ந்து ஒப்புக்கொண்டது ஒரே ஒரு வரி, அந்த ஒன்றைத்தான் அடிக்கக் கூடாது என்று ஊர் முடிவு செய்தது.